தேசிங்குக்கு முகங்கள் தெரியாமல் போனபோது

போன மாதம் ஜெயந்தி போன் செய்தாள். என்னிடம் வேலை பழகியவள். இப்போது தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறையில் நர்ஸாக இருக்கிறாள். அங்கே வாசலில் முகத்தைப் பார்த்துக் கதவைத் திறக்கும் இயந்திரம் வைத்திருக்கிறார்களாம். கண்ணில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு கறுப்புக் கண்ணாடியோடு போனவளை அது உள்ளே விடவில்லை. காவலாளி சிரித்துக்கொண்டே வேறு கதவைத் திறந்துவிட்டாராம். "அக்கா, அது மூஞ்சில இன்னாத்ததான் பாக்குது?" என்று கேட்டாள்.

இயந்திரத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுவதும் மண்டையை உடைத்துக்கொண்டவள் நான். எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் நீண்டுவிட்டது.

என் அப்பா செவ்வாப்பேட்டைக்குப் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். எங்கள் கோயில் பாதிரியார் சிபாரிசு செய்து மெட்ராஸில் நர்ஸிங் படித்தேன். அந்த மூன்று வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பயந்துகொண்டே இருந்தேன், தேறிவிட்டேன். அறுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டி ரயில் பாதையை ஒட்டியிருந்த ஒரு வார்ப்பாலையில் வேலை கிடைத்தது. இரும்பை உருக்கி அச்சில் ஊற்றும் ஆலை. அதன் வாசலுக்குப் பக்கத்தில் கல்நார்க் கூரை போட்ட இரண்டு அறைகள்தான் ஆஸ்பத்திரி. தீக்காயம், கண்ணில் விழுந்த இரும்புத்தூள், நசுங்கிய விரல் என்று நாள் முழுவதும் ஆள் வந்துகொண்டே இருக்கும்.

டாக்டர் எத்திராஜ் குட்டையான மனிதர். பையில் நல்ல பேனா இருந்தாலும் பென்சிலால்தான் எழுதுவார். கூரை ஒழுகும் இடத்தில் மை கலைந்துபோகும், பென்சில் கலையாது என்பார். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தாள். நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் 'பார்த்தது', வலது பக்கம் 'நினைத்தது'. இடது பக்கம் நிறையாமல் வலது பக்கத்தில் பென்சில் படக் கூடாது.

சேர்ந்த புதிதில் ஒரு தாளில், "நோயாளி பதற்றமாக இருந்தார்" என்று இடது பக்கம் எழுதிவைத்தேன்.

"பதட்டத்த எங்க பாத்தீங்க சிஸ்டர்?" என்றார்.

"கை நடுங்கிச்சு சார். ரெண்டு தடவை கதவைத் திரும்பிப் பாத்தாரு."

"அப்ப அதை எழுதுங்க. பதட்டம் அந்தப் பக்கம்."

கோபமே இருக்காது. அதுதான் கஷ்டம். கோபித்துக்கொண்டால் நாமும் மனசுக்குள் திட்டிவிட்டு மறந்துவிடலாம்.

ஒருமுறை பெரிய தப்பு செய்தேன். முனுசாமி என்று அச்சு செய்யும் மோல்டர் ஒருவர் தினம் ஊசி போட்டுக்கொள்ள வருவார். ஒரு நாள் காலை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரை "வாங்க முனுசாமி" என்று கூப்பிட்டேன். வந்தார், சட்டைக் கையை மடித்தார், ஊசி போட்டேன். பஞ்சை வைத்து அழுத்தும்போதுதான், "நான் அவரு தம்பிங்கம்மா. அண்ணன் இன்னிக்கு லேட்டா வரும்னு சொல்ல வந்தேன்" என்றார்.

"அப்ப ஏன் கையை நீட்டினே?"

"நர்ஸம்மா கூப்ட்டா எதுக்கோ தேவைதான்னு நெனச்சேன்."

நல்லவேளை, சத்து ஊசிதான். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரு வெற்றுத் தாளை என் முன்னால் தள்ளினார்.

"ரெண்டு வருஷமா முனுசாமியைப் பாக்கறீங்க இல்ல? அவர் மூக்கை இதுல வரைங்க."

வரைய வரவில்லை. எனக்குப் படம் போடத் தெரியாது என்பதற்காக அல்ல. அந்த மூக்கு எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியவில்லை. நுனி கூரா, சப்பையா? புருவம் சேர்ந்திருக்குமா? ஒன்றும் தெரியாது. ஆனால் ஆலை விடும் நேரத்தில் நூறு பேர் நடுவே முனுசாமியைக் கண்டுபிடித்துவிடுவேன். டாக்டரும் தாளைத் தன் பக்கம் இழுத்து முயன்று பார்த்தார். அவருக்கும் வரவில்லை. "வேடிக்கைதான்" என்று அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து யார் வந்தாலும், தெரிந்தவராக இருந்தாலும், பெயரை அவர் வாயால் சொன்ன பிறகே ஊசியைத் தொடுவேன்.

தேசிங்கு விஷயம் நடந்தது அதற்கு நாலைந்து வருடம் கழித்து.

தேசிங்கு பழவேற்காடு ஏரியோரக் குப்பத்துக்காரன். அப்பாவும் அண்ணன்களும் ஏரியில் மீன் பிடித்தார்கள். இவன் மட்டும் ஆலைக்கு வந்தான். சுமை தூக்கும் சங்கிலிப் பகுதியில் வேலை. ஆலையில் எல்லோருக்கும் பட்டப்பெயர் வைத்தவன் அவன்தான். எனக்கு 'ஊசிப்பட்டாசு'. ஒரு பார்வையில் ஆளை எடை போட்டு ஒரு பெயரை ஒட்டிவிடுவான், அது அந்த ஆளோடு கடைசி வரை போகும். அப்படிப்பட்டவனுக்கு இது வந்தது.

தொங்கிக்கொண்டிருந்த இரும்புக் கொக்கி ஒன்று ஊசலாடி வந்து அவன் பின்மண்டையில் அடித்தது. மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தான். காயம் ஆறி, வேலைக்குத் தகுதி என்ற சான்றிதழோடு திரும்பினான். முதல் நாள் எங்கள் அறைக்கு வந்தபோது நான் தொப்பி போடாமல் மேசையில் இருந்தேன். என் முகத்தை நேராகப் பார்த்து, "நர்ஸம்மா இல்லீங்களா?" என்றான்.

"எதிர்ல இருக்கறது யாராம்?" என்றேன்.

"அட, நீங்கதானா!" என்று சிரித்தான். விளையாடுகிறான் என்று நானும் சிரித்தேன். இடது பக்கத்தில் எழுதியிருக்க வேண்டியது அது. எழுதவில்லை.

சில வாரத்தில் இரண்டு காரியம் நடந்தது. வண்ணம் அடிக்க வந்த வெளியாள் ஒருவன் காக்கிச் சட்டையில் நின்று யாரையோ கூப்பிடக் கையசைத்தான். தேசிங்கு அவனை இறக்கச் சொல்லும் தன் கூட்டாளி என்று எண்ணிச் சங்கிலியை இறக்கிவிட்டான். அதில் தொங்கிய இரும்புப் பெட்டி கீழே நின்ற இரண்டு பேருக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. அதே வாரம், தொப்பி இல்லாமல் வந்த ஆலை மேனேஜரைப் பார்த்து, "யாருய்யா நீ, வழில நின்னுகினு?" என்று கேட்டுவிட்டான். விசாரணை நோட்டீஸ் வந்தது.

ஆலையில் ஆட்கள் விவகாரத்தைக் கவனித்த பர்சனல் ஆபீசர் கெட்டவர் இல்லை. டாக்டரிடம் தெளிவாகவே பேசினார்: "நடிக்கிறான்னா வேலையில வச்சுக்க முடியாது. நிஜம்னா, சங்கிலிகிட்ட நிக்கவே விடக் கூடாது. ரெண்டுல எதுன்னு சொல்லுங்க டாக்டர். மூணு வாரம் தர்றேன்."

தேசிங்கின் மைத்துனன் கன்னியப்பனும் அதே பகுதியில் வேலை செய்தான். அவன் தனியாக வந்து கொதித்தான். "ஊட்லயும் இதே நாடகம்தான் டாக்டர். எங்க அக்காவப் பாத்து 'யாரு'ன்னு கேக்கறாரு மாமா. கட்டின பொண்டாட்டிய யாருன்னு கேட்டா இன்னா அர்த்தம்? எவளையோ மனசுல வச்சிக்கினு கீறாரு. அக்கா அயுதுகினே கீது."

மறுநாள் மதியத்திலிருந்து சோதனை தொடங்கியது. அந்த மூன்று வாரம் டாக்டரைப் போல ஆர்வமாக ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை.

முதலில் ஒரு தட்டில் சாமான்கள். சாவி, சீப்பு, ஸ்பேனர், தீப்பெட்டி, மூக்குக் கண்ணாடி. தட்டை மூடியிருந்த துணியை நான் எடுக்க வேண்டும். தேசிங்கு சொல்ல வேண்டும். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். தயங்காமல் எல்லாவற்றையும் சொன்னான். ஒரே மாதிரி இருந்த மூன்று ஸ்பேனர்களில் எது எந்த அளவு என்றுகூடத் தொடாமல் சொன்னான்.

அடுத்து அடையாள அட்டைகளுக்காக எடுத்த போட்டோக்கள். அவனோடு பத்து வருடம் வேலை செய்தவர்கள். ஒருவரையும் தெரியவில்லை.

"இது ஆம்பளையா, பொம்பளையா?"

"ஆம்பள சார்."

"வயசு?"

"அம்பது இருக்கும்."

"எப்படி இருக்கார்?"

"கோவமா கீறாரு சார். போட்டோக்காரன் லேட் பண்ட்டான் போல."

"யாரு?"

நெடுநேரம் பார்த்தான். "மூக்கு தெரிது, கண்ணு தெரிது, வாயி தெரிது. எல்லாம் ஒண்ணா சேந்து ஒரு ஆளா வரல சார்."

அது அவனுடைய சொந்த ஃபோர்மேன். அவருக்குத் தேசிங்கு வைத்த பட்டப்பெயர் 'சுடுதண்ணி'. ஆளை எதிரில் நிறுத்தி இரும வைத்தால் போதும், "ஐயோ, சுடுதண்ணி!" என்று துள்ளினான்.

ஒரு நாள் டாக்டர் சுவரில் மாட்டும் கண்ணாடியைக் கழற்றி வந்து, அவனுடைய போட்டோவையும் பக்கத்தில் வைத்து, "ரெண்டும் ஒரே ஆளா?" என்று கேட்டார். தேசிங்கு கண்ணாடியைப் பார்த்தபடி தலையை ஆட்டினான். கண்ணாடியிலும் தலை ஆடியது. "இது நானு. ஆடுது இல்ல" என்றான். போட்டோவைக் காட்டி, "இது ஆடல. தெர்ல" என்றான். அவன் பயப்படாமல் அந்தப் போட்டோவையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ ஒரு வெளியூர்க்காரனைப் பார்ப்பது போல.

பிறகு டாக்டருக்கு ஒரு யோசனை வந்தது. மீனவன் வீட்டுப் பிள்ளைக்கு மீன் தெரிகிறதா? பழவேற்காட்டிலிருந்து வரவழைத்த மீன்களை எனாமல் தட்டில் வரிசையாக வைத்தோம். எங்களுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. தேசிங்கு விரலால் தொட்டுக்கொண்டே போனான். "இது மடவை. இது கெயங்கான். இதுவும் மடவைதான், ஆனா ஏரி மடவை இல்ல, கடலு. இது பிடிச்சு ரெண்டு நாளாச்சு, இதப் போய் வாங்கிக்கினு வந்தீங்களே சார்!" இரண்டு நாள் ஆஸ்பத்திரி முழுக்க மீன் வாடை.

எங்களுக்கு அது அதிசயம். பர்சனல் ஆபீசருக்கு அதுவே கேஸை முடித்துவிட்டது. தாளைப் படித்துவிட்டுச் சிரித்தார். "மீனுக்கு மீன் வித்தியாசம் தெரியுது. பொண்டாட்டி தெரியலையாம். இதை நான் மேனேஜர்கிட்ட எப்படி டாக்டர் சொல்றது?"

டாக்டர் மெட்ராஸுக்குப் போய் நூலகத்தில் உட்கார்ந்து படித்துவிட்டு வந்தார். மூளையில் அடிபட்டு முகம் மட்டும் தெரியாமல் போனவர்கள் உலகத்தில் வேறு சிலரும் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயரும் இருந்தது. "ஆனா சிஸ்டர், பேர் இருக்கறதாலேயே இவனுக்கு அதுதான்னு ஆயிடாது. நடிக்கறவனுக்கும் அதே பேரை வைக்கலாம்" என்றார்.

அந்த நாட்களில் நான் கவனித்த ஒன்றையும் சொல்ல வேண்டும். போட்டோக்களைக் காட்டும்போது அவன் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணுவது என் வேலை. போட்டோக் கட்டுக்கு நடுவில் அவன் மனைவி அம்சாவின் போட்டோவையும் டாக்டர் செருகியிருந்தார். "தெர்ல" என்று வாய் சொன்னது. என் விரலுக்குக் கீழே நாடி குதித்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் ஒன்றும் இல்லை. "எழுதுங்க. மூணாவது நாளையும் எழுதுங்க" என்றார் டாக்டர். விசாரணையில் அதைச் சொல்ல அவர் சம்மதிக்கவில்லை. எனக்கு மட்டும் அது மனசை விட்டுப் போகவே இல்லை. வாய்க்குத் தெரியாதது இரத்தத்துக்குத் தெரியுமா?

விசாரணைக்கு நான்கு நாள் முன்பு, ஒரு மதியம், தேசிங்கு வழக்கம்போல வெளி பெஞ்சில் காத்திருந்தான். நான் உள்ளறையில் ஜன்னலோரம் பஞ்சு சுருட்டிக்கொண்டிருந்தேன். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றாள். முந்தானை நழுவியது. மொட்டைத் தலை, மேலே சந்தனம். முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, அம்சா. கணவன் அடிபட்டுக் கிடந்தபோது வேண்டிக்கொண்டபடி திருத்தணியில் முடி இறக்கிவிட்டு, பஸ்ஸிலிருந்து நேராக இங்கே வந்திருக்கிறாள்.

அவள் ஒன்றும் பேசவில்லை. அவன் முன்னால் நின்று, அவனையே பார்த்தாள். தேசிங்கு மரியாதையாக நகர்ந்து இடம் விட்டான்.

"உக்காரும்மா. டாக்டர் வர்ற நேரந்தான்."

அவள் உட்கார்ந்தாள்.

"திருத்தணியா? என் சம்சாரங்கூட அங்கதான் போயிருக்கா. எனக்கோசரம் வேண்டிக்கினு. மச்சான் சொன்னான்." பின்மண்டையைத் தொட்டுக் காட்டினான். "எனக்குத் தலைல அடிம்மா. மூஞ்சி எதுவும் புரியறதில்ல. அவளுக்கு நான் பொய் சொல்றேன்னு நெனப்பு. பாவம், அவ மேல தப்பு இல்ல. காலைல முழிச்சா பக்கத்துல ஒரு பொம்பள கீறா. யாருன்னு தெர்ல. அவ வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசற வரைக்கும் எனக்கு ஒடம்பெல்லாம் நடுங்குது. பேசிட்டா சரியாப் பூடும். இப்ப அவ எங்கிட்ட பேசறதும் இல்ல. இத அவகிட்ட எப்டிச் சொல்றது? 'உன்னப் பாத்தா பயமா கீது'ன்னு கட்டினவகிட்ட சொல்ல முடியுமா?"

அம்சா வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டிருந்தாள். அவன் அதைக் கவனிக்கவில்லை.

"நீங்க வரும்போது அவளப் பாத்திருப்பீங்க. நல்ல நீட்டு முடி. இடுப்புக்குக் கீய வரும். கூட்டத்துல அத வச்சித்தான் அவளக் கண்டுபுடிக்கிறேன்."

நான் பஞ்சைக் கீழே போட்டுவிட்டு எழுந்தேன். என்ன செய்ய எழுந்தேன் என்று தெரியவில்லை. அதற்குள் அம்சா பேசிவிட்டாள்.

"முடி இல்ல. குடுத்துட்டேன்."

தேசிங்கு கையை நீட்டி, சந்தனம் ஈரமாக இருந்த அந்தத் தலையைத் தொட்டான். "அம்சா?" என்றான். "அம்சா... எனக்கோசரமா?" பிறகு இரண்டு பேரும் அழுத அழுகையை நான் இங்கே எழுதப் போவதில்லை.

டாக்டர் வந்ததும் தாளை எடுத்து உட்கார்ந்தேன். கேட்டதை, கேட்ட வரிசையில், ஒரு வார்த்தை விடாமல் இடது பக்கம் எழுதினேன். அவர் இரண்டு முறை படித்தார். அதுவரை வெறுமையாக இருந்த வலது பக்கத்தில் இரண்டே வார்த்தை எழுதினார்: "நடிப்பு அல்ல."

விசாரணை அறையில் மேனேஜர், பர்சனல் ஆபீசர், ஃபோர்மேன், கன்னியப்பன், நாங்கள் எல்லோரும் இருந்தோம். டாக்டர் தாளைப் படித்தார். பர்சனல் ஆபீசர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதையும் அவங்க ரெண்டு பேரும் பேசி வச்சுச் செஞ்சிருக்கலாமே?" என்றார். நியாயமான கேள்விதான்.

கதவோரம் நின்ற அம்சாவை யாரும் பேசச் சொல்லவில்லை. அவளாகவே முன்னால் வந்து முந்தானையைத் தலையிலிருந்து எடுத்தாள்.

"பேசி வச்சி செய்யறதுக்கு நாங்க பேசிக்கினாதான சார்? அதுவரைக்கும் மூணு வாரமா நான் இவரோட பேசவே இல்ல. அன்னிக்கும் அவரா என்னக் கூப்ட்டாத்தான் பேசறதுன்னு வைராக்கியமா வந்தேன். இவரு வேற எவளையோ நெனச்சிக்கினு கீறாருன்னு என் தம்பியே சொல்லிச்சு. நானும் நம்பினேன். யாரோ ஒரு பொம்பளன்னு நெனச்சி என்கிட்டப் பேசினாரு சார். அந்தப் பொம்பளகிட்டயும் என்னப் பத்தித்தான் பேசினாரு."

கன்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். மேனேஜர் மேசை மேல் இருந்த தொப்பியைத் தள்ளிவைத்தார். பிறகு தேசிங்கைப் பார்த்து, "நான் யாரு, தெரியுதா?" என்று கேட்டார்.

"இப்பப் பேசினீங்க இல்ல சார், தெரியுது. மேனேஜரு."

சங்கிலிப் பகுதியில் அவனை மறுபடி விடவில்லை. அதில் டாக்டரும் பிடிவாதமாக இருந்தார். கருவிகள் கொடுத்து வாங்கும் அறைக்கு மாற்றினார்கள். ஆயிரம் சாமான் இருக்கும் அந்த அறையில் அவனுக்குத் தெரியாத சாமான் இல்லை. வருகிறவர்கள்தான் ஜன்னலில் நின்று, "ஏழுமல வந்துகீறேன்", "கன்னியப்பன், மாமா" என்று பெயரைச் சொல்லிக் கேட்கப் பழகினார்கள். சிலர் வேண்டுமென்றே வேறு பெயரைச் சொல்லிப் பார்ப்பார்கள். குரலை வைத்துப் பிடித்துத் திட்டுவான். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இப்போது குரலைக் கேட்டுப் பட்டப்பெயர் வைத்தான். முன்பைவிட அவை பொருத்தமாக இருந்தன என்று ஃபோர்மேனே ஒப்புக்கொண்டார்.

டாக்டர் அந்தத் தாள்களைத் தைத்து வைத்திருந்தார். ஏதாவது மருத்துவப் பத்திரிகைக்கு அனுப்புங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "இன்னும் இடது பக்கம் முடியல" என்பார். முடியாமலேயே அவர் மாற்றலாகிப் போனார்.

எழுபதுகள் முடியும் நேரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் தேசிங்கையும் அம்சாவையும் பார்த்தேன். அம்சாவுக்கு முடி பழையபடி வளர்ந்திருந்தது. நான் பேசுவதற்கு முன்பே, "ஊசிப்பட்டாசு வருது" என்றான். என் நடையே சொல்லிவிட்டதாம். ரயில் வர நேரம் இருந்தது. அம்சா தண்ணீர் பிடிக்கப் போனாள். இத்தனை வருடமாக நான் கேட்க நினைத்த ஒன்றைக் கேட்டேன்.

"தேசிங்கு, கனவுல அம்சா வருவாளா?"

"வராம இன்னா."

"அப்ப மூஞ்சி தெரியுதா?"

அவன் சிரிக்கவில்லை. நிஜமாகவே யோசித்தான்.

"நானும் ஒவ்வொரு தபா பாக்கணும்னுதாம்மா நெனக்கிறேன். அந்த எடத்துல இன்னா கீதுன்னு. நிமுந்து பாக்கறதுக்குள்ள அவ பேசிடுறா."

குழாயடியிலிருந்து அம்சா எதையோ சொல்லிக் கூப்பிட்டாள். அவன் எழுந்து குரல் வந்த பக்கம் நேராக நடந்து போனான்.